ஏழு குதிரைகளும் ஒரு கிணறும்

அவிநாசிக்கு அருகே வீடு கட்டிக் குடிபுகுந்தபோது எங்களுக்கு வந்த அன்பளிப்புகளில் ஒன்பது சுவர்க் கடிகாரங்களும் நான்கு ஏழு குதிரைப் படங்களும் இருந்தன. கடல் அலையைக் கிழித்துக்கொண்டு ஏழு வெள்ளைக் குதிரைகள் ஓடிவரும் அந்தப் படத்தைப் பார்க்காதவர் கொங்கு நாட்டில் இருக்க முடியாது. அதை வீட்டில் மாட்டினால் தொழில் நிற்காமல் ஓடும் என்பது நம்பிக்கை. நான்கில் மூன்றை உறவினர்களின் அடுத்தடுத்த புதுமனைகளுக்கு அனுப்பிவிட்டோம் (அவற்றுள் ஒன்று ஊரெல்லாம் சுற்றி எங்களிடமே திரும்பி வந்துவிடுமோ என்ற அச்சம் இன்னும் இருக்கிறது). நான்காவது படம் பெரியது. தூரிகைத் தடங்கள் மேடும் பள்ளமுமாகத் தெரிந்ததாலும், கையால் வரைந்த அசல் ஓவியம் என்ற சீட்டு பின்புறத்தில் ஒட்டியிருந்ததாலும், அதைக் கூடத்தில் மாட்டினோம். எட்டு மாதம் அது அங்கேயே இருந்தது.

நான் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவன். துணியில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை கண்ணி ஓடுகிறது என்று எண்ணிப் பார்க்கும் மடக்குக் கண்ணாடி, நாங்கள் பிக் கிளாஸ் என்று சொல்வது, என் சட்டைப் பையில் எப்போதும் கிடக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மின்சாரம் போயிருந்த நேரத்தில், வேறு வேலை இல்லாமல், அதை எடுத்து முன்னால் ஓடும் குதிரையின் கண்ணில் வைத்துப் பார்த்தேன். கண் காணாமல் போயிற்று. நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று பொடிப் பொடியான மைப் புள்ளிகள் மட்டும் தெரிந்தன. அச்சு இயந்திரத்தில் கித்தான் துணியின்மேல் அடித்த படம் அது. காய்ந்தபின் நிறமற்ற பசை போன்ற ஒன்றைத் தூரிகையால் பூசி மேடு பள்ளம் உண்டாக்கியிருந்தார்கள். பூசியவர் படத்தைப் பார்த்துப் பூசியிருந்தாலாவது பரவாயில்லை. பிடரி மயிர் ஒரு பக்கம் பறக்க, தூரிகைத் தடம் அதற்குக் குறுக்கே போயிருந்தது.

கொடுத்தவர் மேல் குற்றம் இல்லை, அவரும் சீட்டை நம்பியே வாங்கியிருப்பார். எனக்கு வெட்கமாக இருந்தது வேறு காரணத்தால். ஷேடு அரைப் புள்ளி மாறினால் ஒரு டன் துணியைத் திருப்பி அனுப்பும் நான், என் வீட்டுக் கூடத்தில் எட்டு மாதம் தொங்கிய படத்தை ஒரு நாளும் கிட்டப் போய்ப் பார்த்ததில்லை.

இந்த ஊர்க்காரர்களுக்குப் பார்க்கத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. என் அப்புச்சி (அம்மாவின் அப்பா) காங்கேயம் மாடு வாங்கி விற்றவர். சித்திரையில் கண்ணபுரம் மாரியம்மன் தேரையொட்டிக் கூடும் மாட்டுச் சந்தைக்கு என்னையும் கூட்டிப் போவார். பிடித்த காளையைக் கண்டவுடன் அதனிடம் போக மாட்டார். தள்ளி நின்று நடையைப் பார்ப்பார், பிறகு பல்லையும் சுழியையும் திமிலையும் குளம்பையும் பார்ப்பார், அப்புறம் டீ குடிக்கப் போய்விடுவார். திரும்பி வந்து முதலிலிருந்து பார்ப்பார். "மொதப் பார்வையில புடிச்சுப் போச்சுன்னு வாங்கக் கூடாது கண்ணு, ரெண்டாந் தரம் பாக்கறப்பவும் புடிக்கோணும்" என்பார். பவானி ஜமக்காளத்தின் ஓரத்தைத் திருப்பிப் பார்க்கிறோம், பருத்தியைக் கையில் எடுத்து இழுத்துப் பார்க்கிறோம், பட்டுப் புடவைக்கு அரை நாள் செலவிடுகிறோம். படம் வாங்கும்போது மட்டும் சோபாவின் நிறத்துக்கு ஒத்துப் போகிறதா என்பதோடு முடித்துக்கொள்கிறோம். ஆகவே அப்புச்சியின் முறையையே கையாள்வது என்று முடிவு செய்தேன்: ஓர் ஆண்டு எதுவும் வாங்குவதில்லை, பார்ப்பது மட்டும்.

கோவை அவிநாசி சாலையில் உள்ள கஸ்தூரி சீனிவாசன் கலைக்கூடத்தில் தொடங்கினேன். சிட்ரா என்று நாம் அழைக்கும் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சி நிறுவனத்தின் முதல் இயக்குநராக இருந்தவர் அவர். நூலும் துணியுமாக வாழ்ந்த ஒருவர் ஓவியத்துக்கென ஒரு கூடம் அமைத்துச் சென்றிருக்கிறார் என்பது எனக்குத் தனிப்பட்ட தெம்பாக இருந்தது. உள்ளூர் ஓவியர்களின் கண்காட்சி நடக்கும்போது அங்கே போனால் பெரும்பாலும் ஓவியரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார், தயங்காமல் பேசலாம். உக்கடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் சுவர்களில் வரையப்பட்டிருக்கும் பெரிய ஓவியங்களை வாங்க முடியாது, ஆனால் ஒரு படம் எத்தனை தொலைவிலிருந்து பார்க்கப்பட வேண்டும் என்பதை அங்கே இலவசமாகக் கற்றுக்கொள்ளலாம்.

ஓவியம் என்றால் சென்னைக்குத்தான் போக வேண்டும் என்ற எண்ணம் நமக்குள் ஊறியிருக்கிறது. கோவையிலிருந்து சென்னை சுமார் 500 கிலோமீட்டர். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கொச்சி 200 கிலோமீட்டருக்கும் குறைவு. அங்கே 2012 டிசம்பர் 12 அன்று தொடங்கிய கொச்சி முசிரிஸ் பினாலே என்னும் கலைத் திருவிழா, உலகெங்குமிருந்து வரும் சமகாலக் கலைப் படைப்புகளைப் பழைய மசாலாக் கிடங்குகளில் வைத்துக் காட்டுகிறது. காலையில் ரயிலேறினால் மதியச் சாப்பாடு ஃபோர்ட் கொச்சியில். முக்கியக் கூடங்களில் பாதி எனக்குப் புரியவில்லை. அதை மறைக்க வேண்டியதில்லை. என்னை இழுத்தது அதனோடு சேர்ந்து நடக்கும் மாணவர் பினாலே. நாட்டின் கலைக் கல்லூரிகளில் படிக்கும் இளைஞர்களின் படைப்புகளை அங்கே பார்த்து, பெயர்களைக் குறித்து வந்தேன். அந்தக் குறிப்பேடுதான் பின்னால் எனக்கு உதவியது.

சென்னைக்கும் போனேன். இந்தப் பயணத்தில் எனக்கு உண்மையாகவே வியப்பளித்தவர் கே.சி.எஸ். பணிக்கர். சென்னை ஓவிய இயக்கத்தின் தலைமகனாகப் பேசப்படும் அவர் 1911இல் பிறந்தது நம் கோயம்புத்தூரில். இத்தனை ஆண்டுகள் இங்கே இருந்தும் எனக்குத் தெரியாது. 1850இல் தொடங்கப்பட்ட சென்னைக் கலைக் கல்லூரியின் முதல்வராக இருந்த அவர், 1966இல் தம் மாணவர்களையும் உடன் ஓவியர்களையும் சேர்த்துக்கொண்டு ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவினார். நிலம் வாங்கவும் வயிற்றைக் கழுவவும் அவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் என் காதில் விழுந்து நின்றது: பாத்திக் துணி செய்து விற்றார்கள். மெழுகை உருக்கித் துணியில் கோடிழுத்து, மெழுகு படாத இடத்தில் மட்டும் சாயம் ஏறும்படி முக்கி எடுக்கும் அதே பாத்திக். சாயத்தொட்டி சம்பாதித்துக் கொடுத்த காசில் அவர்கள் கித்தான் வாங்கினார்கள் என்று எண்ணியபடி, அங்கேயுள்ள அருங்காட்சியகத்தில் நெடுநேரம் நின்றேன். பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசைப் படங்கள், படிக்க முடியாத எழுத்துகளும் கட்டங்களும் கணக்குகளுமாக, யாரோ ஒருவருடைய ஜாதகக் குறிப்பைப் பெரிதாக்கி வைத்ததுபோல இருக்கும். புரிந்ததா என்று கேட்டால் இல்லை. இரண்டாம் தரம் பார்க்கும்போதும் பிடித்தது.

அந்த ஓராண்டில், முடிவை மீறி நான் வாங்கிய ஒரே பொருள் ஒரு சிறிய லினோ செதுக்கு அச்சு (லினோ என்பது செதுக்க இளகிக் கொடுக்கும் லினோலியத் தகடு). 'பிரிண்ட்' என்ற சொல் நம்மைக் குழப்புவதால் இதைச் சற்று விளக்க வேண்டும். குதிரைப் படம், ஏற்கெனவே இருந்த ஒரு படத்தை இயந்திரம் நகலெடுத்தது. லினோவிலோ மரத்திலோ செம்புத் தகட்டிலோ ஓவியர் தம் கையால் செதுக்கி, மை தடவி, தாளில் அழுத்தி எடுப்பது அசல். அதற்கு முன் வேறு படம் கிடையாது. அடியில் பென்சிலால் 7/25 என்று எழுதியிருந்தால், எடுத்த 25 பிரதிகளில் இது ஏழாவது என்று பொருள்; வலப்புறம் கையொப்பமும் பென்சிலில் இருக்கும். பிக் கிளாஸில் பார்த்தால் புள்ளிகள் தெரியாது. மை ஒரே பரப்பாக, ஓரங்களில் சற்றே பிதுங்கி நிற்கும். செம்புத் தகட்டு அச்சாக இருந்தால், தகட்டின் விளிம்பு தாளில் பள்ளமாகப் பதிந்திருப்பதை விரலால் உணரலாம். ஒரே படத்தின் பல பிரதிகள் விற்பனைக்கு இருப்பதால் விலை குறைவு. முதன்முதலாக வாங்குபவர்களுக்கு இதைவிடப் பாதுகாப்பான தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

அந்த அச்சை நான் பாழாக்கிய கதையையும் சொல்லிவிடுகிறேன். குளியலறைக்குப் பின்பக்கச் சுவரில், நல்ல இடம் என்று, மாட்டினேன். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து மார்கழியில் எடுத்துப் பார்த்தபோது தாளின் ஓரத்தில் பூசணம் பூத்துப் பழுப்புப் புள்ளிகள் விழுந்திருந்தன. ஈரம் சுவருக்குள்ளிருந்து வந்திருக்கிறது. கண்ணாடி தாளைத் தொடும்படி சட்டம் போட்டதும், பின்பலகையாகச் சாதாரண அட்டையை வைத்ததும் சேர்ந்துகொண்டன. தாளில் உள்ள எந்தப் படத்துக்கும் அமிலமற்ற மவுண்ட் அட்டை கொடுத்து, கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே இடைவெளி விட்டு, சட்டத்தின் பின் மூலைகளில் சிறு ரப்பர் குமிழ் ஒட்டிக் காற்றுப் போக வழி செய்ய வேண்டும். இதைச் சட்டம் போடும் கடைக்காரர் கேட்காமல் செய்ய மாட்டார், நாம் கேட்க வேண்டும்.

குறிப்பேட்டில் இருந்த பெயர்களை இன்ஸ்டாகிராமில் தேடிப் பின்தொடர்ந்ததில், ஒருவர் கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு வாடகை வீட்டில் இருந்து வரைகிறார் என்று தெரிந்தது. கைப்பேசித் திரையில் நிறத்தை நம்பி எந்தச் சாயக்காரனும் முடிவெடுக்க மாட்டான். பகல் வெளிச்சத்தில் எடுத்த காணொளி, சாய்வாக ஒளி விழும்படி எடுத்த ஒரு படம், கித்தானின் பின்புறம், ஓரம் ஆகியவற்றை அனுப்புமாறு கேட்டேன். அனுப்பிவிட்டு, "நேர்ல வந்து பாருங்ணா, அதுதான் சரி" என்றும் எழுதியிருந்தார். நல்ல அறிகுறி.

முன்னறையே அவருடைய பட்டறை. மூன்றடிக்கு நான்கடி அக்ரிலிக் படம் ஒன்று சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. நம் காட்டுக் கிணறுதான்: சதுரமாக வெட்டி, கல் கட்டி, பக்கவாட்டில் படி இறங்கும் கிணறு, மேலிருந்து குனிந்து பார்த்தபடி. படத்தின் முக்கால் பாகம் செம்மண்ணும் பாறையும். கீழே இடது மூலைக்குத் தள்ளி ஒரு சிறிய கறுப்புச் சதுரம், தண்ணீர். ஆளோ, கயிறோ, ஏற்றமோ, மோட்டாரோ இல்லை. நான் அந்தக் கறுப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னலோரம் அது பச்சையாகவும், அறையின் உள்பக்கம் நகர்ந்தால் சற்றுச் செம்மையாகவும் தெரிந்தது. கேட்டதற்கு, கறுப்புக் குழாயைத் தொடுவதே இல்லை என்றும், தாலோ பச்சையும் அலிசரின் சிவப்பும் கலந்து அந்தக் கறுப்பை உண்டாக்கியதாகவும் சொன்னார். ஒரு துண்டுக் கித்தானில் அதே கலவையைத் தடவிக் கொடுக்க முடியுமா என்றேன். சிரித்துக்கொண்டே செய்து கொடுத்தார்.

எங்கள் தொழிலில் இதற்கு லேப் டிப் என்று பெயர். துணி வாங்கும் பையர் கேட்ட நிறத்தைச் சிறு துண்டில் சாயமேற்றி அனுப்பி ஒப்புதல் வாங்குவது. அந்தத் துண்டை ஆய்வகத்தில், விளக்கை மாற்றி மாற்றி நிறம் பார்க்கும் லைட் பாக்ஸில் வைத்தேன். டி65 என்னும் பகல் வெளிச்சத்தில் பாசி பிடித்த பச்சை எட்டிப் பார்த்தது. டிஎல்84 என்னும் கடைவிளக்கு வெளிச்சத்தில் அது அடங்கிற்று. குண்டு பல்பின் மஞ்சள் வெளிச்சத்தில் பழுப்புச் சிவப்பாகத் திரும்பியது. துணியாக இருந்திருந்தால், விளக்குக்கு விளக்கு நிறம் மாறுகிறது என்று எழுதித் திருப்பி அனுப்பியிருப்பேன். கிணற்றுத் தண்ணீர் காலையில் ஒரு நிறம், அந்தியில் ஒரு நிறம் என்பதை அந்தக் கறுப்பு எந்தச் சிரமமும் இல்லாமல் செய்துகொண்டிருந்தது. இரு வாரம் கழித்து மறுபடி போய்ப் பார்த்தேன். பிடித்தது.

விலைக்கு வருவோம். சந்தையில் அப்புச்சி துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார்; சுற்றி நிற்பவர்களுக்குத் தெரியாது. ஓவியக் கூடங்களிலும் பல இடங்களில் அப்படித்தான், படத்தின் பக்கத்தில் விலை எழுதியிருக்காது, கேட்டால் காதோடு சொல்வார்கள். கேட்பதில் வெட்கமே வேண்டாம். இளம் ஓவியர்கள் பலர் சதுர அங்குலக் கணக்கில் விலை வைக்கிறார்கள். இவர் சதுர அங்குலத்துக்கு 25 ரூபாய் என்றார். 36க்கு 48 அங்குலம், 1,728 சதுர அங்குலம், 43,200 ரூபாய். நான் பேரம் பேசவில்லை. பேசத் தெரியாமல் அல்ல. இரண்டு மாத உழைப்பு, கித்தான், வண்ணம், வாடகை எல்லாவற்றையும் ஒரு காஸ்டிங் தாளில் போட்டுப் பார்த்தால் அந்த விலையில் குறைக்க ஒன்றுமில்லை என்று தொழில் செய்பவனுக்குத் தெரியும். மூன்று தவணை கேட்டேன், ஒப்புக்கொண்டார். கூடங்களிலும் கேட்டால் தருகிறார்கள். ஒன்று மட்டும் செய்யக் கூடாது: கூடத்தில் படத்தைப் பார்த்துவிட்டு, கூடத்துக்குப் போகும் கமிஷன் மிச்சம் என்று ஓவியரிடம் பின்வாசல் வழியாகப் போவது. ஏஜென்ட் கொண்டுவந்த பையரிடம் நேரே போகிறவனை திருப்பூரில் என்ன சொல்வோம் என்று நமக்குத் தெரியும்.

பணம் கொடுத்தபோது, படத்தின் பெயர், அளவு, ஊடகம், ஆண்டு, கையொப்பம் எல்லாம் உள்ள சான்றும் ரசீதும் வாங்கிக்கொண்டேன். எங்கள் நிறுவனத்தில் ஒருவர் கிணற்றைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு, டி-ஷர்ட்டில் போட்டால் அள்ளிக்கொண்டு போகும் என்றார். போட முடியாது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, படத்தை வாங்கினால் அந்தப் பொருள்தான் நம்முடையது. எழுத்து மூலம் மாற்றித் தராதவரை, அதை நகலெடுக்கும் உரிமை ஓவியரிடம் இருக்கிறது, அவர் காலத்துக்குப் பின்னும் 60 ஆண்டு வரை. நாமே சொல்லிப் பணம் கொடுத்து வரைவித்தால் கணக்கு வேறு, அதை முன்னமே பேசி எழுதிக்கொள்வது நல்லது. அதே சட்டத்தில், 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையாகும் அசலின் விலையில் ஓவியருக்கு ஒரு பங்கு உண்டு என்ற பிரிவும் இருக்கிறது. முதலீடு என்று நினைத்து வாங்குபவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்கட்டும். நான் விற்பதற்கு வாங்கவில்லை, விற்றால் போட்ட பணம் தேறுமா என்பதும் எனக்குப் பொருட்டல்ல.

மாட்டுவதற்கு ஒரு ஞாயிறு முழுதும் ஆயிற்று. நம் பழைய தொட்டிக்கட்டு வீடுகளில் ஆசாரத்துப் (முன்கூடத்துப்) படங்கள் எல்லாம் நிலைக்கு மேலே, முன்பக்கம் சாய்ந்து தொங்கும். அண்ணாந்து பார்த்துக் கும்பிடுவதற்கான உயரம் அது. கும்பிடாமல் பார்ப்பதற்கான படத்துக்குப் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 57 அங்குலம் என்பதைக் கலைக்கூடங்கள் கடைப்பிடிக்கின்றன. எங்கள் கூடத்தில் உட்கார்ந்துதான் பேசுவோம் என்பதால் இன்னும் மூன்று அங்குலம் இறக்கினேன். மேற்குச் சுவர்தான் பெரியது, ஆனால் அதற்கு எதிரே உள்ள ஜன்னல் வழியாகக் காலை வெயில் நேராக விழும். வெயில் சாயத்தை என்ன செய்யும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே வடக்குச் சுவர். ஒற்றை ஆணி போடாமல் இரண்டு கொக்கிகள், மட்டம் பார்க்க ரசமட்டம். கூடத்தில் இருந்த வெள்ளை விளக்குகளைக் கழற்றிவிட்டு, 4,000 கெல்வின் வெளிச்சமும், நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான அளவாகிய சிஆர்ஐ 90க்கு மேலும் உள்ளவற்றைப் போட்டேன். கிணற்றின் கறுப்பு அந்த வெளிச்சத்தில் இரு பக்கமும் சாயாமல் நிற்கிறது. காலையில் ஜன்னலைத் திறந்தால் பச்சைக்குப் போகிறது.

அம்மா வந்து பார்த்துவிட்டு, "தண்ணி ரொம்பக் கீழ கிடக்குதே, இது எந்தூருக் கெணறுங்க?" என்று கேட்டார். ஓவியருக்கு அதைச் சொன்னேன். எந்த ஊர் என்று சொல்லாமல், ஆழம் எத்தனை அடி என்று அம்மா நினைக்கிறார் என்று திருப்பிக் கேட்டார். நூற்றுக்கு மேலே இருக்கும் என்பது அம்மாவின் கணிப்பு.

ஏழு குதிரைகள் இப்போது மாடிப்படிக்குக் கீழே, சுவரைப் பார்த்தபடி நிற்கின்றன. மேற்குச் சுவர் இன்னும் காலி. கோபிக்காரரிடம் வாய்க்கால் கரையை வரைந்த ஒரு சிறிய படம் இருக்கிறது. தை முடியும்வரை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். வாய்க்காலில் ஓடும் நீலம் சாயந்திர வெளிச்சத்தில் எனக்குச் சரியாகப் படவில்லை. அடுத்த ஞாயிறு காலையில் போய் இன்னொரு தரம் பார்க்க வேண்டும்.